மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் நடுக்களத்தார்

காற்பந்தாட்டம் முடிந்து கூட்டங் கலையும்போது மக்கள் வாயில் நிற்கும் பெயர் பெரும்பாலும் கோல் போட்டவர் பெயரே. அடுத்தபடியாகக் கோல்காப்பாளர் பெயர் பேசப்படும். பந்தைத் தடுத்தாராயின் புகழ்ச்சியாகவும், நழுவவிட்டாராயின் இகழ்ச்சியாகவும் பேசப்படும். இவ்விருவர்க்கும் இடையே, களத்தின் நடுவில், ஆட்டந் தொடங்கியது முதல் முடியுங்காறும் ஓய்வின்றி உழைத்த நால்வரைப்பற்றி ஒருவரும் ஒன்றுங் கூறார். நம் கல்லூரி ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று ஆரவாரிக்கும் நண்பர்களும் இவ்வழக்கிற்கு விலக்கானவர் அல்லர். பந்து செல்லுமிடத்தே கண் செல்லும். பந்து ஆண்டுச் செல்வதற்குக் காரணமாயிருந்தவர்பால் கண் செல்லாது. ஆயினும் வெற்றியுந் தோல்வியும் பெரும்பாலும் அந்நால்வர் கையில், அன்று, காலிலேயே உள்ளன என்பது எம் துணிபு. அதனை விளக்கப் புகுவதே இக்கட்டுரை.

பொதுப்படக் கூறிச் செல்வதினும் ஒரு கழகத்தை எடுத்துக்கொண்டு கூறுதலே தெளிவு பயக்கும். ஆகவே, இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியாகிய பிரீமியர் லீக்கில் ஆடும் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை, அதனுள்ளும் 1998-99ஆம் ஆட்டப் பருவத்தில் அதன் நடுவில் ஆடியோரை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அப்பருவத்தில் அக்கழகம் லீக் பட்டம், எப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கழகங்களின் தலைமைப் போட்டியாகிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை ஆகிய மூன்றனையும் ஒருங்கே வென்றது. அதற்குமுன் எந்த ஆங்கிலக் கழகமும் அதனைச் செய்ததில்லை. அதன்பின் அதே நகரத்து மான்செஸ்டர் சிட்டி கழகம் 2023ஆம் ஆண்டில் அதனைச் செய்வதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அவ்வாட்டங்கள் யாம் பிறப்பதற்கு முன்னரே நிகழ்ந்தவை. பதிவுசெய்யப்பட்ட படங்களின் வாயிலாகவே அவற்றைக் கண்டோம். காணும்போது ஒரு முறையைக் கையாண்டோம்: கோல் விழுந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பின்னோக்கித் திருப்பி, அக்கோலின் தோற்றுவாய் யாதென்று தேடிச் செல்வதே அது. அங்ஙனந் தேடியபொழுதெல்லாம் நடுக்களத்தார் ஒருவர்பாலே யாம் சென்று சேர்ந்தோம். அன்பர்கள் தாமும் இம்முறையைக் கையாண்டு பார்ப்பாராக.

தமிழ் பயில்வார்க்கு நடுக்களத்தின் தொழிலை இலக்கணங்கொண்டு கூறுதல் எளிது. 'செய்தான்' என்னும் வினைமுற்றைப் பகுத்து நோக்குக. 'செய்' என்னும் பகுதி தொழிலை உணர்த்துகின்றது. 'ஆன்' என்னும் விகுதி அதனைச் செய்தவனை உணர்த்துகின்றது. இவ்விரண்டற்கும் நடுவே நிற்கும் தகர ஒற்றைக் கேட்போர் பொருட்படுத்துவதில்லை. எனினும் காலங் காட்டுவது அவ்வோர் எழுத்தே. அதனை நீக்கி வகர ஒற்றை வைத்தால், முடிந்துபோன தொழில் இனி நிகழவேண்டிய தொழிலாகிவிடும். பகுதியும் விகுதியும் ஒருசிறிதும் மாறியிரா. காற்பந்தாட்டத்தின் இடைநிலை நடுக்களத்தாரே. எப்பொழுது விரைதல் வேண்டும், எப்பொழுது பொறுத்தல் வேண்டும், எப்பொழுது பந்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு எதிரிகளை ஓடவைத்தல் வேண்டும் என்று காலங் காட்டுவோர் அவரே.

இனி அவர் நிற்குமிடத்தின் அருமையைக் காண்போம். பெரும்போட்டிகள் நடக்குங் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. ஓரத்தில் ஆடுவார்க்கு ஒரு பக்கம் கோடு காவலாக நிற்கின்றது; அப்பக்கத்திலிருந்து எதிரி வாரான். கோலின் முன் நிற்பார்க்குத் தாம் நோக்கவேண்டிய திசை ஒன்றே. நடுவில் நிற்பவர்க்கோ முன்னும் பின்னும் இருமருங்கும் எதிரிகள். பந்து காலில் வந்தபின் எங்கே அனுப்புவது என்று எண்ணத் தொடங்குவாராயின் அதற்குள் பந்து பறிபோயிருக்கும். ஆதலின் பந்து வருமுன்னரே தலையைத் திருப்பிப் பின்புறத்தை நோக்கி, இருபத்திருவரும் எங்கெங்கே நிற்கின்றனர் என்பதை மனத்தில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பந்து பறிபோனாலோ முதலில் பின்னோக்கி ஓடவேண்டியவரும் அவரே.

மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்ப்பினும் இவ்வுண்மை புலனாகும். இருப்புப்பாதைத் தொழிலாளரால் 1878இல் நியூட்டன் ஹீத் என்னும் பெயரால் நிறுவப்பட்டு, 1902இல் இப்பெயர் பெற்ற இக்கழகம், முதன்முதல் லீக் பட்டம் பெற்றது 1908ஆம் ஆண்டில். அக்காலத்து முறைப்படி முன்னே ஐவர், நடுவே மூவர், பின்னே இருவர் நின்று ஆடினர். நடுவில் நின்ற டக்வொர்த், ராபர்ட்ஸ், பெல் என்னும் மூவர் பெயரையும் பழைய அன்பர்கள் ஒரே மூச்சில் சேர்த்துக் கூறுதல் வழக்கம். 1945இல் மேலாளராக வந்து கழகத்தை உயர்த்திய மாட் பஸ்பியும் தம் இளமையில் மான்செஸ்டர் சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் நடுவரிசையில் ஆடியவரே. அவர் வளர்த்த இளைஞர் அணியின் நடுவில் எட்டி கோல்மனும் டங்கன் எட்வர்ட்சும் நின்றனர். 1958ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், பெல்கிரேடிலிருந்து திரும்பும் வழியில் மியூனிக் நகரத்தில் அவ்வணியினர் சென்ற வானூர்தி விபத்துக்குள்ளாயிற்று. இறந்தவர் இருபத்துமூவர், அவருள் எண்மர் ஆட்டக்காரர். கோல்மன் அன்றே மாண்டார். எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் மருத்துவமனையிற் போராடி, தம் இருபத்தோராம் வயதில் உயிர்நீத்தார். அத்துன்பத்தில் உயிர்பிழைத்த பாபி சார்ல்டன் பத்தாண்டுகள் கழித்து, 1968இல், வெம்பிளி அரங்கில் பென்பிக்கா கழகத்திற்கு எதிராக இரு கோல்கள் போட்டு ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அதன்பின் முப்பத்தோராண்டுகள் அக்கோப்பை அக்கழகத்தின்பால் மீண்டும் வரவில்லை. 1998-99ஆம் பருவத்து ஆட்டக்காரர் தோள்மேற் கிடந்த சுமை இத்தகையது.

1986இல் மேலாளர் பொறுப்பேற்ற அலெக்ஸ் பெர்கூசன் தம் அணியைப் பெரும்பாலும் பின்னே நால்வர், நடுவே நால்வர், முன்னே இருவர் என நிறுத்தினார். நடு நால்வர் யாவர்? வலப்புறம் டேவிட் பெக்கம், இடப்புறம் ரையன் கிக்ஸ், நட்ட நடுவில் ராய் கீனும் பால் ஸ்கோல்சும். ஐந்தாமவராகிய நிக்கி பட் என்பாரையும் மறத்தற்கில்லை. இவருள் கீன் ஒருவரே விலைகொடுத்து வாங்கப்பட்டவர். ஏனைய நால்வரும் கழகத்தின் இளைஞர் பள்ளியிலே வளர்ந்தவர். கிக்ஸ், பெக்கம், பட் ஆகிய மூவரும் 1992இல் இளைஞர் கோப்பையை வென்ற அணியிலிருந்தனர். ஒருங்கு வளர்ந்தமையால் ஒருவர் எங்கே ஓடுவார் என்பதை மற்றவர் நோக்காமலே அறிந்திருந்தனர். இவ்வறிவை எப்பொருள் கொடுத்தும் வாங்குதல் இயலாது.

பெக்கமும் கிக்சும் இரு ஓரங்களில் ஆடியவராயினும் அவர்தம் முறைகள் முற்றிலும் வேறு. பெக்கம் பந்தை அனுப்புவார். கிக்ஸ் பந்தோடு தாமே செல்வார். பெக்கம் எதிரியை ஏமாற்றிக் கடந்து செல்லும் விரைவுடையவர் அல்லர். அதற்குத் தேவையும் அவர்க்கு இல்லை. எதிரியின் காலுக்கும் தம் காலுக்கும் இடையே அரை அடி வெளி கிடைத்தாற் போதும். வலக்காலின் உட்புறத்தால் அவர் உதைக்கும் பந்து வில்லென வளைந்து, காப்பாளர்க்கு எட்டாமலும் முன்னணியார்க்கு எட்டியும் கோலின் முன் சென்று விழும். 1999 மார்ச்சு மாதத்தில் இத்தாலிய நாட்டு இன்டர் மிலான் கழகத்தை 2-0 என வென்றபோது இரு கோல்களும் அவர் அனுப்பிய பந்தை டுவைட் யார்க் தலையால் முட்டியவையே. அப்பருவம் பெக்கமுக்கு எளிதாகத் தொடங்கவில்லை என்பதையும் இங்கே கூறவேண்டும். 1998 சூன் 30ஆம் நாள் உலகக் கோப்பைப் போட்டியில் அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியமையால் தம் நாட்டார் பலராலும் தூற்றப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் லீக்கின் முதல் ஆட்டத்திலேயே, முடியும் நேரத்தில், தனியுதை ஒன்றால் கோல் போட்டுத் தோல்வியைத் தவிர்த்தார். அதன் பின்னரும் வெளியூர்க் களங்களில் வசைமொழி ஓயவில்லை. அவர் அதற்கு மறுமொழி கூறாது பந்தை வளைத்து அனுப்பிக்கொண்டேயிருந்தார்.

கிக்ஸ் மெலிந்த உடலினர். பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடுங்கால் எதிர்வருவோர் நிலைகுலைவர். 1991 மார்ச்சில் தம் பதினேழாம் வயதிற் களமிறங்கிய அவர், 2014 வரை அக்கழகம் ஒன்றிற்கே ஆடி 963 ஆட்டங்கள் கண்டார். இத்தொகையை அக்கழகத்தில் வேறெவரும் எட்டவில்லை.

ஸ்கோல்ஸ் குள்ளமானவர், மூச்சிரைப்பு நோயும் உடையவர். இளமையில் முன்னணியில் ஆடிப் பின்னர் நடுவுக்கு வந்தவர். 1994 செப்டம்பரில் போர்ட் வேல் கழகத்திற்கு எதிராகத் தம் முதல் ஆட்டத்திலேயே இரு கோல்கள் போட்டார். மேற்கூறிய இடைநிலை இலக்கணம் இவர்க்கே முழுதும் பொருந்தும் என்போம். பந்து வருமுன் வலத்தோளின் மேலும் இடத்தோளின் மேலும் ஒருமுறை நோக்குவார். பந்து வந்தவுடன் ஒரே தொடுகையில் நாற்பது ஐம்பது கெசத்திற்கு அப்பால் நிற்கும் தோழர் காலடியில் அது சென்று சேரும். ஆட்டம் விரைந்தோடும்போது அதனை நிறுத்திவைப்பார், மந்தமாகும்போது முடுக்குவார். முன்னணியார் எதிரிகளைத் தம்பால் ஈர்த்துக்கொண்ட பின்னர், ஒருவரும் கருதாத நொடியில், பின்னிருந்து ஓடிவந்து கோல் போடுதலும் இவர் வழக்கம். பிறர் காலிலிருந்து பந்தைப் பறிக்குந் தொழிலில் மட்டும் இவர் திறமை குறைந்தவர். கால் எப்பொழுதும் சற்றே காலந்தாழ்ந்து செல்லும். காலங் காட்டுவதில் வல்லவர் இவ்வொன்றில் மட்டும் காலந் தவறியது வியப்பே. அதனாற் பெற்ற மஞ்சள் அட்டைகள் பல. அவற்றுள் ஒன்று அவர்க்கு என்ன விலையாயிற்று என்பது பின்னர்த் தெரியவரும்.

அயர்லாந்து நாட்டுக் கார்க் நகரத்திற் பிறந்த கீனை 1993ஆம் ஆண்டில் நாட்டிங்காம் பாரஸ்ட் கழகத்திலிருந்து 37.5 இலட்சம் பவுன் கொடுத்து வாங்கினர். பிரித்தானியக் கழகங்களுக்கிடையே அதற்குமுன் அத்துணை விலை கொடுக்கப்பட்டதில்லை. 1997இல் எரிக் கான்டனா ஆட்டத்தை விட்டு விலகியபின் கீன் அணித்தலைவரானார். அவர் ஆட்டத்தில் கண்ணைப் பறிக்கும் வித்தை ஏதும் இல்லை. பந்தைப் பறிப்பார், அருகிலுள்ள தோழர்க்கு எளிதாகக் கொடுப்பார், மீண்டும் வாங்கிக்கொள்ளத்தக்க இடத்திற்கு நகர்வார். தொண்ணூறு நிமிடமும் இம்மூன்றையே செய்வார். ஆனால் இம்மூன்றும் நடைபெறுவதனாலேயே ஸ்கோல்ஸ் முன்னே ஓடலாம். கிக்ஸ் பந்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சமின்றி எதிரியின்மேற் பாயலாம். பெக்கம் ஓரத்திலேயே நின்று காத்திருக்கலாம். பின்னே ஒருவர் இருக்கின்றார் என்னும் உறுதியே மற்ற மூவர்க்கும் உரிமை அளித்தது. தோழர் ஒருவர் சோர்ந்து பந்தைத் தவறாக அனுப்பினால் அவர் காட்டுஞ் சினம் களத்தின் எல்லைக்கப்பாலுங் கேட்குமாம். அச்சினத்தை யாம் முழுதும் புகழ மாட்டோம். ஆயினும் அவ்வணி அதனால் விழித்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பர். கீனின் அருமை அவர் இல்லாத ஆண்டில் தெரிந்தது. 1997 செப்டம்பரில் லீட்ஸ் கழகத்தோடு ஆடுங்கால் முழங்கால் நரம்பு அறுந்து அப்பருவம் முழுதும் அவர் ஆடவில்லை. ஏனைய நால்வரும் ஆடினர். அணி நெடுநாள் முன்னணியில் நின்றது. எனினும் இறுதியில் ஆர்சனல் கழகம் 78 புள்ளிகளோடு பட்டம் பெற, யுனைடெட் 77 புள்ளிகளோடு பின்தங்கிற்று. அடுத்த பருவம் கீன் திரும்பினார். யுனைடெட் 79, ஆர்சனல் 78. ஒரு புள்ளியால் இழந்ததை ஒரு புள்ளியாலேயே மீட்டனர். இதற்கு வேறு காரணங்களும் உண்டு; அவ்வாண்டு யார்க் முன்னணிக்கும் யாப் ஸ்டாம் பின்னணிக்கும் புதிதாக வந்தனர். அவற்றைத் தள்ளிவிட்டு எல்லாம் கீனால் நிகழ்ந்தது என்று கூறுவோமாயின் அது மிகைப்படக் கூறலாகும். ஆனால் இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்குவார் எவரும் நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காணாமலிரார்.

1999 ஏப்ரல் மாதத்தின் இரு ஆட்டங்களைச் சற்று விரித்துரைப்போம். முதலாவது, 14ஆம் நாள் வில்லா பார்க் அரங்கில் ஆர்சனலோடு நடந்த எப்.ஏ. கோப்பை அரையிறுதி மறு ஆட்டம். பெக்கம் தொலைவிலிருந்து உதைத்து முதற்கோல் போட்டார். டென்னிஸ் பெர்க்காம்ப் அதனைச் சமன்செய்தார். அதன்பின் சிறிது நேரத்தில் கீன் இரண்டாம் மஞ்சள் அட்டை பெற்று வெளியேற, யுனைடெட் பதின்மராயிற்று. ஆட்டம் முடியும் நொடியில் ஆர்சனலுக்குத் தண்டனையுதை கிடைத்தது. கோல்காப்பாளர் பீட்டர் ஷ்மைக்கேல் அதனைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில், 109ஆம் நிமிடத்தில், எதிரணி நடுக்களத்தாராகிய பாட்ரிக் வியேரா களைப்பால் தவறாக அனுப்பிய பந்து கிக்சின் காலில் வந்து சேர்ந்தது. தம் பாதியிலிருந்தே ஓடத் தொடங்கிக் காப்பாளர் பலரை வளைந்து வளைந்து கடந்து கோலின் மேற்புறத்தில் பந்தை ஏற்றினார். வியேரா அக்காலத்தின் மிகச்சிறந்த நடுக்களத்தாருள் ஒருவர். அத்தகையாரும் ஒரே ஒருமுறை தவறியமையால் ஆர்சனல் கோப்பையை இழந்தது. முன்னணியார் பத்து முறை தவறலாம், பதினோராம் முறை கோல் போட்டாற் போதும். நடுவிலுள்ளார்க்கு அவ்வுரிமை இல்லை.

இரண்டாவது ஆட்டம் ஒரு கிழமை கழித்து, 21ஆம் நாள், இத்தாலியின் தூரின் நகரத்தில் நடந்தது. சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் பகுதி அது. எதிரணியாகிய ஜூவென்டசின் நடுவில் இருந்தோர் உலகக் கோப்பை வென்ற பிரான்சு நாட்டுத் தலைவர் டெஷாம், அந்நாட்டின் மாமேதை ஜினதின் ஜிதான், டச்சு நாட்டு எட்கர் டேவிட்ஸ் ஆகியோர். அந்நாளில் அதனினும் வலிய நடுக்களம் ஐரோப்பாவில் இருந்ததா என்பது ஐயமே. மான்செஸ்டரில் நடந்த முதற்பகுதி, கிக்ஸ் கடைசி நேரத்திற் போட்ட கோலால் 1-1 எனச் சமனாகியிருந்தது. தூரினிலோ கிக்ஸ் காயத்தால் ஆடவில்லை. பிளாம்க்விஸ்ட் என்பார் அவரிடத்தில் நின்றார். ஸ்கோல்ஸ் வெளியே அமர்ந்திருக்க, பட் கீனோடு நடுவில் நின்றார். பதினொரு நிமிடத்திற்குள் பிலிப்போ இன்சாகி இரு கோல்கள் போட்டுவிட்டார். இத்தாலிய மண்ணில் இரண்டு கோல் பின்தங்கியவர் மீள்வது அரிதினும் அரிது.

24ஆம் நிமிடத்தில் பெக்கம் உதைத்த மூலையுதையை நோக்கி ஓடிவந்த கீன் தலையால் முட்டிக் கோலாக்கினார். கோல் போட்டபின் ஆரவாரிக்கவில்லை. திரும்பி நடுக்கோட்டை நோக்கி ஓடினார். 33ஆம் நிமிடத்தில் பிளாம்க்விஸ்ட் அனுப்பிய பந்து சற்றே விலகிச் செல்ல, அதனைக் காக்கும் முயற்சியில் கீன் ஜிதானை இடறினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அக்காலத்து விதிப்படி அம்மஞ்சள் அட்டை முன்னர்ப் பெற்றவற்றோடு சேர்ந்து, அடுத்த ஆட்டத்திற்கு அவரை விலக்கிற்று. அடுத்த ஆட்டமோ இறுதியாட்டம். தம் அணி வென்றாலும் அதில் தாம் இல்லை என்பதை அந்நொடியே அவர் அறிந்தார். எஞ்சியவை 57 நிமிடங்கள்.

அந்நிமிடங்களில் அவர் செய்ததை அன்பர்கள் படத்தில் காண்க; எழுத்தில் அடக்குதல் அரிது. முன்னினும் மிகுதியாக ஓடினார். ஜிதானும் டேவிட்சும் பந்தைப் பெறும் இடங்களிலெல்லாம் தாமே சென்று நின்றார். மஞ்சள் அட்டை பெற்ற அடுத்த நிமிடத்திலேயே யார்க் தலையால் முட்டி இரண்டாங் கோல் போட்டார். வெளியூர்க் கோலுக்கு மதிப்பு மிகுதி என்னும் விதியால் அப்பொழுதே யுனைடெட் முந்திவிட்டது. ஆட்டம் முடிய ஆறேழு நிமிடங்களே இருக்கையில் ஆண்டி கோல் மூன்றாங் கோல் போட்டார். (அவர் பெயரே கோல் என்பது தமிழில் எழுதுவார்க்கு நேர்ந்த இடர்.) 3-2 என வெற்றி கிட்டியது. இடையில் பதிலாளாக வந்த ஸ்கோல்சும் பறிக்கப் போய்ப் பழைய வழக்கப்படி இடறி மஞ்சள் அட்டை பெற்றார். அவரும் இறுதியாட்டத்தை இழந்தார். பெர்கூசன் தம் வாழ்க்கை வரலாற்றில் அன்று கீன் ஆடிய ஆட்டத்தை மிக உயர்வாகப் போற்றியுள்ளார். கீன் அப்புகழ்ச்சியைப் பெரிதாக ஏற்றவர் அல்லர். தம் கடமையைச் செய்தமைக்குப் புகழ் எதற்கு என்னும் போக்கினர் அவர்.

லீக் பட்டம் மே 16ஆம் நாள் கிடைத்தது. மே 22ஆம் நாள் எப்.ஏ. கோப்பை இறுதியில் கீன் தொடக்கத்திலேயே காயமுற்று வெளியேற, அவர்க்குப் பதிலாக வந்த டெடி ஷெரிங்காம் ஒன்றும், ஸ்கோல்ஸ் ஒன்றுமாகக் கோல் போட நியூகாசில் கழகம் தோற்றது. நான்கு நாள் கழித்து, மே 26ஆம் நாள், பார்சலோனா நகரத்து நூ கேம்ப் அரங்கில் ஜெர்மானிய நாட்டுப் பயெர்ன் மியூனிக் கழகத்தோடு இறுதியாட்டம். பஸ்பி உயிரோடிருந்தால் அன்று தொண்ணூறு வயது நிறைந்திருக்கும்.

கீனும் ஸ்கோல்சும் இல்லாத நடுவைப் பெர்கூசன் எங்ஙனம் நிரப்பினார்? பட் தம்மிடத்தில் நின்றார். அவர்க்குத் துணையாகப் பெக்கமை வலப்புறத்திலிருந்து நடுவுக்குக் கொணர்ந்தார். பெக்கம் விட்ட வலப்புறத்திற்குக் கிக்சை மாற்றினார். கிக்ஸ் விட்ட இடப்புறத்தில் பிளாம்க்விஸ்டை நிறுத்தினார். இரண்டு செங்கல்லை உருவ நான்கு செங்கல் இடம்பெயர்ந்தது போலாயிற்று. பெக்கம் நடுவில் குறைவற ஆடினார் என்றே கூறவேண்டும். ஆனால் வலப்புறத்திலிருந்து வில்லென வளைந்து வரும் பந்து இல்லாமற் போயிற்று. இடக்காலராகிய கிக்ஸ் வலப்புறத்தில் ஒவ்வொரு முறையும் உள்நோக்கித் திரும்பவேண்டியவரானார். ஆறாம் நிமிடத்தில் மாரியோ பாஸ்லர் தனியுதையால் கோல் போட்டுவிட்டார். அதன்பின் எண்பது நிமிடத்திற்கு மேல் யுனைடெட் முயன்றும் நடுவிலிருந்து நேரிய வழி ஒன்றுந் திறக்கவில்லை. பயெர்ன் உதைத்த பந்து ஒருமுறை கம்பத்திலும் ஒருமுறை குறுக்குத்தடியிலும் பட்டுத் திரும்பியது. இரண்டில் ஒன்று உள்ளே சென்றிருப்பினும் ஆட்டம் ஆண்டே முடிந்திருக்கும்.

குறித்த தொண்ணூறு நிமிடமும் முடிந்தது. இழந்த நேரத்திற்காக மேலும் மூன்று நிமிடம் கொடுக்கப்பட்டது. பெக்கம் மூலையுதை உதைத்தார். காப்பாளர் அரைகுறையாக விலக்கிய பந்து கிக்சிடம் வர, அவர் தமக்குப் பழக்கமில்லாத வலக்காலால் வலுவின்றி உதைத்தார். கோலின் முன் நின்ற ஷெரிங்காம் அதனைத் திருப்பி உள்ளே அனுப்பினார். சிறிது நேரத்தில் மீண்டும் ஒரு மூலையுதை. பெக்கம் உதைக்க, ஷெரிங்காம் தலையால் தட்ட, ஓலெ குன்னர் சோல்ஷர் காலை நீட்டினார். 2-1. கோப்பை கிடைத்துவிட்டது.

இருவர் இல்லாமலே வென்றனரே, ஆகவே அவர் இன்றியமையாதவர் அல்லர் என்று வாதிப்பாரும் உளர். அக்கோல்கள் பிறந்த விதத்தை அவர் நோக்கவில்லை என்போம். மூலையுதை என்பது ஆட்டம் நின்றிருக்கும்போது நிகழ்வது. களத்தின் மூலைக்குச் சென்று நின்ற அந்த இரு நொடிகளில் பெக்கம் தம் பழைய தொழிலில் இருந்தார். வலக்காலுக்கு வேண்டிய வெளியும் இருந்தது. நடுவில் எவர் துணையும் வேண்டியிருக்கவில்லை. ஓடும் ஆட்டத்தில் அவ்வணி அன்று ஒரு கோலும் போடவில்லை. முன்னணியாரிடத்தும் பின்னணியாரிடத்தும் அன்று குறை காணுதற்கில்லை. ஆட்டத்திற்குக் காலங் காட்டுவார் இருவரும் மேலாடை அணிந்து வெளியே அமர்ந்திருந்தனர். வெற்றிக்குப்பின் அவ்விருவரும் அதே உடையோடு களத்திற்கு வந்து கோப்பையைப் பிடித்து நிற்கும் படம் ஒன்று உண்டு. முகத்தில் நகை உள்ளது. கண்களைப்பற்றி யாம் ஒன்றுங் கூறோம்.

பிற்காலத்தில் அவ்விதி மாற்றப்பட்டது. காலிறுதி முடிந்தவுடன் பழைய மஞ்சள் அட்டைகள் கணக்கிலிருந்து நீக்கப்படுகின்றன. அரையிறுதியில் ஒரு மஞ்சள் அட்டை பெற்றவர் இறுதியாட்டத்தை அதனால் இழப்பதில்லை. கீனுக்கும் ஸ்கோல்சுக்கும் அம்மாற்றம் காலங்கடந்து வந்தது. பெக்கம் 2003இல் ரியல் மாட்ரிட் கழகத்திற்கும், பட் 2004இல் நியூகாசில் கழகத்திற்கும் சென்றனர். ஸ்கோல்சுக்கு 2008ஆம் ஆண்டில் வாய்ப்பு மீண்டும் வந்தது. அவ்வாண்டு அரையிறுதியில் பார்சலோனாவுக்கு எதிராகத் தொலைவிலிருந்து அவர் உதைத்த ஒரே கோலால் அணி இறுதிக்குச் சென்றது. அவர்க்கு இம்முறை இடம் உண்டு என்று பெர்கூசன் முன்னரே கூறிவிட்டார். மே 21ஆம் நாள் மாஸ்கோவில் செல்சி கழகத்திற்கு எதிராகத் தொடக்கத்திலிருந்து ஆடி, ஆட்டம் முடியுந் தறுவாயில் வெளியே வந்தார். அவரிடத்திற்குக் களமிறங்கியவர் கிக்ஸ். அவ்வொரு காலடியால் கிக்ஸ் சார்ல்டனின் 758 ஆட்டங்கள் என்ற எல்லையைக் கடந்தார். பின்னர்த் தண்டனையுதைகளில் தம் முறையையும் கோலாக்கினார். கோப்பை மூன்றாம் முறையாக அக்கழகத்திற்கு வந்தது.

கீனோ, 2002ஆம் ஆண்டு அரையிறுதியில் ஜெர்மனியின் லெவர்கூசன் நகரத்தில் ஒரு கோல் போட்டார். இரு பகுதிகளும் சமனாக முடிய, வெளியூர்க் கோல் விதியால் எதிரணியே இறுதிக்குச் சென்றது. தூரினில் அவர்க்கு உதவிய அதே விதி அது. 2005 நவம்பரில் அவர் கழகத்தை விட்டு நீங்கினார். ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் ஒன்றில் அவர் ஒருபொழுதும் ஆடவில்லை.